மூளைக்குள் மருந்து செல்லக் கேளா ஒலி: பாதுகாப்பு எதைப் பொறுத்தது?

மூளை நோய்களுக்கான மருந்தாராய்ச்சியில் நெடுங்காலமாக ஒரு முரண்பாடு நிலவி வருகிறது. ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக் கலத்தில் புற்றணுக்களை அழித்துவிடும் மருந்து, நோயாளியின் இரத்தத்தில் செலுத்தப்பட்டதும் மூளையை எட்டுவதில்லை. இதற்கான காரணம் புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. 1885-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிச், விலங்கின் இரத்தத்தில் கலந்த சாயம் ஏனைய உறுப்புகளுக்கெல்லாம் நிறமேற்றியும் மூளையை மட்டும் விட்டுவிட்டதைக் கண்டார். 1913-இல் எட்வின் கோல்ட்மன் அதே சோதனையைத் திருப்பிச் செய்தார். மூளையைச் சூழ்ந்துள்ள திரவத்தில் சாயத்தைச் செலுத்தினார். இம்முறை மூளை நிறமேறியது, உடல் நிறமேறவில்லை. இரண்டிற்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு என்பது இவ்வாறு புலனாயிற்று. மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்ச் சுவர்களில் உள்ள உயிரணுக்கள் இடைவெளியின்றி இறுகப் பிணைந்திருப்பதே அத்தடுப்பு. கிருமிகளும் நச்சுப் பொருள்களும் மூளையை அண்டாமல் காப்பது அதுவே. அதனைத் திறப்பது என்பது காவலைத் தளர்த்துவது ஆகும். எனவே, கேளா ஒலியால் அதனைத் திறக்கும் முறையை மதிப்பிடுவோர், திறக்கிறதா என்று வினவுவதோடு நின்றுவிடலாகாது.

கேளா ஒலி இத்தடுப்பைக் குலைக்கக்கூடும் என்பது 1950-களிலேயே விலங்குச் சோதனைகளில் தெரிந்திருந்தது. ஆனால் அன்று தடுப்புத் திறந்த இடத்தில் மூளைத் திசுவும் சேதமுற்றது. நிலைமை மாறியது 2001-இல். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் குல்லெர்வோ ஹைனினென் குழுவினர், முயல்களின் இரத்தத்தில் முதலில் நுண்குமிழிகளைச் செலுத்தி, பின்னர் கேளா ஒலியை மூளையின் ஒரு புள்ளியில் குவித்தனர். இதய நோய்ப் பரிசோதனையில் படம் தெளிவாகத் தெரிவதற்கென்று பயன்படுத்தப்பட்டுவந்த, சில மைக்ரான் அளவேயான வாயுக் குமிழிகள் இவை. ஒலியின் அழுத்தத்திற்கேற்பக் குமிழிகள் விரிந்து சுருங்கி, குழாய்ச் சுவரை உள்ளிருந்து நெருக்கி, உயிரணுக்களின் பிணைப்பைச் சிறிது நேரம் நெகிழச் செய்கின்றன. குமிழிகள் வேலையை ஏற்றுக்கொண்டதால், தேவைப்படும் ஒலியின் வலிமை பன்மடங்கு குறைந்தது.

பாதுகாப்புப் பற்றிய முழு விவாதமும் இக்குமிழியைச் சுற்றியே அமைகிறது. மிதமான அழுத்தத்தில் குமிழி சீராக விரிந்து சுருங்கும். அழுத்தம் ஓர் எல்லையைக் கடந்தால் அது திடீரென நொறுங்கும். அருகிலுள்ள இரத்தக் குழாய் கிழியக்கூடும். பயனுக்கும் தீங்குக்கும் இடையேயுள்ள இவ்வெல்லை குறுகியது. அதுமட்டுமன்று; அது ஆளுக்கு ஆள் மாறுவது. மண்டையோடு ஒலியின் பெரும்பகுதியை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகிறது. அதன் தடிமனும் அடர்த்தியும் எவர் இருவருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. கருவியில் குறிக்கப்படும் அளவும் மூளைக்குள் உண்மையில் சேரும் அளவும் ஒன்றல்ல என்பதை அலுவலர்கள் இங்குக் கவனிக்க வேண்டும். இதனாலேயே, 1,024 ஒலிமூலங்களைக் கொண்ட கவிகைபோன்ற கருவியைத் தலையைச் சுற்றி அமைத்து, ஒவ்வொரு மூலத்தின் ஒலியையும் அந்நோயாளியின் மண்டையோட்டுப் படத்தைக் கொண்டு திருத்தி அனுப்பும் முறை உருவாயிற்று. குமிழிகள் திருப்பி எழுப்பும் ஒலியைக் கேட்டு, அவை நொறுங்கத் தொடங்குமுன் அழுத்தத்தைக் குறைக்கும் ஏற்பாடும் உடன் சேர்ந்தது.

இவ்வேற்பாடுகளை மிகை என்று கருதுவோர், வேறொரு நோக்கத்திற்காக ஜெர்மனியில் நடந்த ஒரு பரிசோதனையை நினைவிற் கொள்வது நன்று. பக்கவாத நோயாளிகளுக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துடன், சுமார் 300 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் கேளா ஒலியும் மண்டையோட்டின் வழியே தரப்பட்டது. 26 நோயாளிகளோடு பரிசோதனை நிறுத்தப்பட்டது. 2005-இல் வெளியான முடிவின்படி, ஒலியும் மருந்தும் பெற்ற 14 பேரில் 13 பேரின் படங்களில் இரத்தக் கசிவின் அடையாளம் இருந்தது. மருந்து மட்டும் பெற்ற 12 பேரில் அது ஐவரிடம் காணப்பட்டது. மண்டையோட்டின் உட்சுவர்களில் ஒலி எதிரொலித்து, எதிர்பாராத இடங்களில் அழுத்தம் குவிந்திருக்கக்கூடும் என்று பிந்தைய கணிப்புகள் காட்டின. அங்கே நுண்குமிழிகள் செலுத்தப்படவில்லை. ஒலி குறுகிய புள்ளியில் குவிக்கப்படவும் இல்லை. ஆகவே அதனையும் இதனையும் ஒன்றெனக் கொள்வது பிழை. ஆயினும், உடலின் பிற பகுதிகளில் தீங்கற்றதாகப் பழகிப்போன ஒலி மண்டையோட்டுக்குள் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை முன்கூட்டியே அளந்தறிய வேண்டும் என்ற பாடம் நிலைத்தது.

மனிதரிடத்தில் தடுப்பைத் திறக்கும் முயற்சி இரு வழிகளில் நடந்து வருகிறது. பாரிஸ் நகர மருத்துவர்கள் மண்டையோட்டில் சிறு கருவியைப் பொருத்தி, எலும்பின் இடையூறு இன்றி ஒலியைச் செலுத்தினர். மூளைப் புற்று மீண்டும் தோன்றிய 15 பேரின் அனுபவம் 2016-இல் வெளியாயிற்று. கனடாவின் டொராண்டோ நகரில், 2015-இல், அறுவையின்றி வெளியிலிருந்தே ஒலியைக் குவிக்கும் முறை மூளைக் கட்டியுள்ள நோயாளிக்குக் கையாளப்பட்டது. அங்கேயே அல்சைமர் நோயுற்ற ஐவரிடம் தடுப்பைத் திறந்தபோது, 24 மணி நேரத்தில் அது மூடிக்கொண்டது என்றும், கடுமையான தீங்கு எதுவும் நேரவில்லை என்றும் 2018-இல் அறிவிக்கப்பட்டது.

இம்முடிவுகள் ஊக்கம் தருபவை. ஆனால் புள்ளியியல் பயிலும் மாணவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். ஐந்து பேரில் ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை என்ற செய்தியிலிருந்து, தீங்கின் வாய்ப்பு பூஜ்யம் என்று முடிவு செய்வதற்கில்லை. உண்மையான வாய்ப்பு நூற்றுக்கு 45 வரை இருந்தாலும், ஐவரும் தற்செயலாகத் தப்பியிருக்க இருபதில் ஒரு பங்கு இடமுண்டு. தீங்கு நூற்றில் ஒருவருக்கும் குறைவு என்று அதே உறுதியுடன் கூற வேண்டுமாயின், சுமார் 300 பேரிடம் ஒரு தீங்கும் காணப்படாதிருக்க வேண்டும். சிறு பரிசோதனைகளின் கடமை, மேற்கொண்டு செல்லலாமா என்று சொல்வது மட்டுமே. அவற்றை வைத்து ‘பாதுகாப்பானது’ என்று விளம்பரம் செய்வது, மாதிரிக் கணக்கெடுப்பில் ஐந்து வீடுகளைக் கண்டு மாவட்டத்தின் வறுமையை அளப்பதற்கு ஒப்பாகும்.

தடுப்பு எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதைவிட, அந்நேரத்தில் எது உள்ளே செல்கிறது என்பது முக்கியமானது. சிகாகோ நகரில் மூளைப் புற்று மீண்டும் தோன்றிய 17 பேருக்குப் பொருத்தப்பட்ட கருவியின் உதவியால் பாக்லிடாக்சல் என்னும் மருந்து செலுத்தப்பட்டது. இயல்பாக இம்மருந்து மூளைக்குள் நுழைவதில்லை. 2023-இல் வெளியான அவ்வாய்வில், ஒலியால் ஏற்பட்டது பெரும்பாலும் மிதமான தலைவலியே. ஆனால் மருந்தின் அளவு உச்சத்தை எட்டியபோது, நோயாளி ஒருவருக்கு மூளைச் செயற்பாட்டில் கடுமையான குழப்பம் ஏற்பட்டது. பின்னர் அது சரியாகி, குறைந்த அளவில் சிகிச்சை தொடர்ந்தது. கதவு பழுதின்றித் திறந்தது. உள்ளே சென்ற விருந்தாளியே தொல்லை கொடுத்தார் என்று சொல்லலாம். உடலின் பிற பகுதிகளுக்கென வகுக்கப்பட்ட மருந்தளவு, தடுப்பு திறந்த மூளைக்குப் பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. அல்சைமர் நோயில் இது மேலும் சிக்கலாகிறது. 2024 ஜனவரியில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அடுகானுமாப் மருந்தைக் கேளா ஒலியுடன் சேர்த்துத் தந்தபோது, ஒலி செலுத்தப்பட்ட பகுதிகளில் அமிலாய்டுப் படிவு எதிர்ப்பக்கத்தைவிடச் சராசரியாக 32 விழுக்காடு கூடுதலாகக் குறைந்தது. பங்கேற்றோர் மூவரே. அம்மருந்து இனம் தன்னளவிலேயே மூளை வீக்கத்தையும் நுண்கசிவையும் உண்டாக்க வல்லது; கசிவு நேர்ந்தால் அது மருந்தாலா ஒலியாலா என்று பிரித்தறிவது எளிதன்று. அதே ஜனவரியில், அம்மருந்தைக் கைவிடுவதாக அதன் உற்பத்தி நிறுவனம் அறிவித்தது வேறு கதை.

இடரின் மதிப்பு நோயைப் பொறுத்தும் மாறும். சிகிச்சை பெற்றும் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் வாழ இயலாத மூளைப் புற்றில், சிறு இரத்தக் கசிவை ஏற்றுக்கொள்வது நியாயமாகலாம். மறதி நோயின் தொடக்க நிலையில், இன்னும் பல ஆண்டுகள் ஓரளவு தன்னிச்சையாக வாழக்கூடிய முதியவருக்கு அதே கசிவு மிகுந்த விலையாகும். அவருக்குச் சிகிச்சை பலமுறை தேவைப்படும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இந்திய அலுவலகக் கோப்புகளில் ‘அல்ட்ராசவுண்ட்’ என்றாலே, கருவின் பாலினத்தை அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டமே நினைவுக்கு வரும். அங்கே அஞ்சப்படுவது படத்தின் தவறான பயன்பாடு. இங்கே அஞ்சப்படுவது ஒலியின் ஆற்றல். கருவி, 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகளின்கீழ் வருகிறது; மருந்தும் மனிதப் பரிசோதனையும் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்கீழ் வருகின்றன. ஒலி, குமிழி, மருந்து ஆகிய மூன்றும் தனித்தனியே ஏற்கப்பட்டவையாக இருப்பினும், மூன்றும் சேர்ந்த நிலையே மதிப்பிடப்பட வேண்டியது. கோப்பு இரு மேசைகளில் தனித்தனியே நகர்ந்தால், இரு மேசைகளும் தத்தம் பங்கு சரியே என்று எழுதிவிட இடமுண்டு.

செலவும் இதில் சேர்கிறது. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தினுள் வைத்துச் செய்யப்படும் சிகிச்சை பல மணி நேரம் அந்த இயந்திரத்தைப் பிடித்துக்கொள்கிறது. நோயாளிகள் வரிசையில் காத்திருக்கும் அரசு மருத்துவமனையில் அது சிறு செலவன்று. அவ்வியந்திரம் இன்றியே ஒலியைக் குவிக்கும் மலிவான கருவிகள் சோதிக்கப்பட்டு வருவது வரவேற்கத்தக்கதே. ஆனால் செலவைக் குறைக்கும்போது முதலில் கழிக்கப்படுவது கண்காணிப்பே என்பது பொதுத்துறை அனுபவம். குமிழியின் ஒலியைக் கேட்கும் ஏற்பாடும், சிகிச்சைக்குப் பின் நுண்கசிவைத் தேடும் படமும் மதிப்பீட்டில் ‘கூடுதல் வசதி’ என்ற தலைப்பில் இடம்பெற்றால், ஒப்புதல் தரும் அலுவலர் அத்தலைப்பை அடித்துவிட்டு, அவற்றைக் கருவியின் விலையிலேயே சேர்க்குமாறு கோப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும்.