கக்கூசு கட்டியாச்சு, கணக்குப் பார்ப்பது யார்?

அன்பான தாய்மாரே, தலைவர்மாரே,

மேல் லயத்துக்குக் கக்கூசு கட்டினோம். படிவத்தில் "வேலை முடிந்தது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டோம். போன மாதம் மாதர் சங்கத்துப் பெண்கள் இரண்டு பேரும் மருத்துவிச்சியும் எங்களோடு வீடு வீடாக வந்தார்கள். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. பீலியில் தண்ணி நின்றால் கதவெல்லாம் பூட்டுத்தான். பிள்ளைகள் பழையபடி கானுக்குத்தான் போகுதுகள். கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறுங்கால் வழியே ஏறி இரத்தத்தைக் குறைக்கும். மருந்து மட்டும் கொடுத்து என்ன செய்ய?

நாங்கள் கட்டிடத்தை எண்ணினோம், உங்களைக் கேட்கவில்லை. அது எங்கள் பிழை. கொழுந்து நிறுவையில் ஒரு கிலோ குறைந்தால் விடுவீர்களா? இதையும் அப்படிக் கேளுங்கள். அடுத்த பார்வைக்கு நாளை நீங்களே குறியுங்கள், ஞாயிறு என்றாலும் வருவோம். உங்கள் சங்கத்துக் கையெழுத்து இல்லாமல் இனிப் படிவம் போகாது.