எட்டயபுரத்து அச்சுக்கூடம்

ஸ்வரம், தாளம் பற்றியெல்லாம் நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கோபத்தைச் சொல்லத்தான் வந்தேன். வீணை கற்க வருகிற பிள்ளைகள் கைபேசியில் நொட்டேஷனோடு வருகிறார்கள். ஸரிகம வரிசையாக இருக்கும். கமகக் குறி ஒன்றுகூட இருக்காது. அதைப் பார்த்துத் தோடி வாசித்தால், காந்தாரம் மெட்டின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது!

1904-லேயே இதற்கு வழி செய்துவிட்டார்களே! எட்டயபுரத்தில், வித்யா விலாஸினி அச்சுக்கூடத்தில், சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்ப்ரதாய ப்ரதர்சினி' அச்சானது. தெலுங்கு எழுத்தில், பெரிய பெரிய பக்கங்களில். முத்துஸ்வாமி தீட்சிதரின் கிருதிகள் மட்டுமே இருநூறுக்கு மேல்.

தூண்டியவர் சின்னஸ்வாமி முதலியார். 1893-லேயே நம் கிருதிகளை மேல்நாட்டு ஐந்து கோட்டு முறையில் அச்சிட்டவர். குடும்பச் சொத்தாக வைத்திருந்த பாடாந்தரத்தை வெளியே கொடுக்கச் சுப்பராம தீட்சிதருக்கு மனம் வரவில்லை. முதலியார் எட்டயபுரம் ராஜாவிடம் பேசினார்; ராஜா சொன்ன பிறகு தட்ட முடியுமா? செலவும் சமஸ்தானத்தினுடையது.

நான் சொல்ல வந்தது குறிகளைப் பற்றி. ஆமாம், குறிகள்தான். கம்பிதத்துக்கு அலை அலையாக ஒரு கோடு. ஏற்ற ஜாருவுக்கு மேல்நோக்கிய சாய்கோடு, இறக்க ஜாருவுக்குக் கீழ்நோக்கியது. ஒதுக்கலுக்குப் பெருக்கல் குறி: அதே மெட்டில் கம்பியை இழுத்து அடுத்த ஸ்வரத்தைப் பிடி என்று அர்த்தம். வீணைக்காரன் விரல் என்ன செய்ய வேண்டுமோ அது காகிதத்தில் இருக்கிறது. அச்சுக் கோர்த்தவர்களை நினைத்துப் பாருங்கள். ஸ்வரம், அதன் தலையில் கமகக் குறி, மேலோ கீழோ ஸ்தாயிப் புள்ளி, காலத்துக்குக் கோடு, அடியில் சாஹித்யம். ஒரு புள்ளி இடம் மாறினால் ஸ்தாயியே மாறிவிடும். சின்ன ஜமீன் ஊரில், கையால் கோர்த்தார்கள்.

என் குருநாதர் அந்தப் பக்கங்களை விரித்து வைத்து, முதலில் ஸ்வரத்தைச் சொல்லவிட மாட்டார். "குறியை மட்டும் படிடா" என்பார். அலை, சாய்கோடு, பெருக்கல் என்று நான் ஒப்பிப்பேன். பிறகுதான் வீணையைத் தொட முடியும். அப்போது அலுப்பாக இருந்தது. இன்று என் மாணவர்களுக்கும் அதே அலுப்பைத்தான் கொடுக்கிறேன்.

ஐந்து கோட்டு முறை உலகமெங்கும் புரியுமே என்பார்கள். புரியட்டும். சஹானாவில் ஓர் ஒதுக்கலை அதில் எழுதிக் காட்டினால் ஒத்துக்கொள்கிறேன். முதலியார் உழைப்பின்மேல் எனக்கு மரியாதை உண்டு; ஆனாலும் வீணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எனக்கு எட்டயபுரத்துப் பக்கம்தான் வேண்டும்.

தெலுங்கு தெரியாதே என்கிற சாக்கும் செல்லாது. சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் தமிழில் பகுதி பகுதியாக வெளியிட்டது, கமகக் குறிகளோடு. நூலகத்தில் கேளுங்கள். கிடைத்தால் கிருதிக்குப் போகாதீர்கள். குறி விளக்கம் இருக்கிற பக்கத்தை முதலில் நகல் எடுத்து வீணைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.