மிலிட்டரி லாரி: வாங்குவது வண்டியா, இரும்பா?



எரு அடிக்கவும், கரும்பு ஏற்றவும், சேற்றுப் பாதையில் போய்வரவும் முரட்டு வண்டி ஒன்று இருந்தால் தேவலை என்று நம்மில் பலருக்கு ஆசை. அப்போது கண்ணில் படுவது மிலிட்டரி டிஸ்போசல் லாரி. ஜெர்மனியின் மான் கம்பெனி உரிமத்தில் ஜபல்பூரில் தயாரான சக்திமான், அசோக் லேலண்டின் ஸ்டாலியன் இரண்டும் இந்த ரகம். முன் சக்கரத்துக்கும் இழுவை உண்டு. சக்திமான் உற்பத்தி 1996-இல் நின்றுபோனது. ஆகவே, இன்று கிடைக்கும் சக்திமான் எதுவும் கால் நூற்றாண்டு கடந்த வண்டி.

விலை மலிவு என்றதும் வீட்டு நகையை அடகு வைத்துவிடாதீர்கள். முதலில் ஒரு கேள்வி கேட்கணும்: விற்பது வண்டியா, பழைய இரும்பா?

ராணுவக் கழிவு வண்டிகள் எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனம் மூலம் கம்ப்யூட்டர் வழியாக ஏலத்துக்கு வருகின்றன. 'இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்' என்பதுதான் நிபந்தனை. எடுத்த பிறகு குறை சொல்ல முடியாது. பார்வையிட ஒதுக்கிய நாளில் நல்ல மெக்கானிக்கோடு நேரில் போய்ப் பாருங்கள். 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிப்பதில்லை. அவை உடைப்பு மையத்துக்குப் போகின்றன. ராணுவத்தின் சிறப்பு வண்டிகளுக்கு விலக்கு உண்டு. நீங்கள் பார்க்கும் லாரி உடைப்பதற்கென்று விற்கப்பட்டதா, ஓட்டுவதற்கா என்பதை ஏலத் தாளில் படித்தே தீரணும்.

மிலிட்டரி வண்டியைப் பதிவு செய்ய ராணுவ அதிகாரிகள் தரும் 21-ஆம் படிவ விற்பனைச் சான்றிதழ் அசலாக வேண்டும். வியாபாரியிடம் வாங்கினால், அது யார் பெயரில் இருக்கிறது, சேஸிஸ் எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, பதிவாகும் என்று தெரிந்த பிறகே பணம் கொடுங்கள். இந்தத் தாள் இல்லாத லாரி எவ்வளவு நன்றாக ஓடினாலும் ரோட்டுக்கு வர முடியாது. ராணுவப் பச்சை நிறமும் நமக்குச் சட்டப்படி கூடாது. வேறு வர்ணம் அடித்துவிடணும்.

அடுத்தது துரு. நமது வானொலி நிலையத்துக்குப் பக்கத்தில் சாந்தோம் கடற்கரை. அங்கே வீட்டு ஜன்னல் கம்பி எத்தனை சீக்கிரம் அரிக்கிறது என்று குடியிருப்பவர்களுக்குத் தெரியும். உப்புக் காற்றில் வருஷக்கணக்கில் நின்ற லாரியும் அப்படித்தான். சேஸிஸை அடியிலிருந்து சுத்தியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்ல இரும்பு. பொத்தென்று கேட்டு, செதிள் உதிர்ந்தால் விட்டுவிடுங்கள்.

வாங்கியாச்சு, இனி ரிப்பேர். எல்லோரும் இன்ஜினைக் கிளப்பத்தான் துடிப்பார்கள். முதல் வேலை பிரேக். நெடுநாள் நின்ற வண்டியில் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் விறைத்துப் போயிருக்கும், மாற்றிவிடணும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2312 என்றால் 2012-இன் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் பழைய டயர் பாரத்தில் வெடிக்கும்.

பிறகு டீசல் டேங்கைக் கழுவி, பில்டரும் ஆயிலும் மாற்றுங்கள். ஸ்டார்ட்டரைத் தொடுவதற்கு முன், ஸ்பேனர் போட்டு இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். சுற்றாவிட்டால் வம்பு செய்யாதீர்கள். கியர் பெட்டி ஆயில் மோர் மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த லாரிகள் பலவற்றில் மின்சாரம் 24 வோல்ட். 12 வோல்ட் பல்பு போட்டால் உடனே போய்விடும்.

ஒரு கடைசி வார்த்தை. முன் சக்கர இழுவை சேற்றுக்கும் மணலுக்கும்தான். தார் ரோட்டில் அதைப் போட்டு ஓட்டினால் பல்சக்கரமும் டயரும் சீக்கிரம் கெடும்.

வண்டி விலை எவ்வளவோ, ரிப்பேருக்கும் டயருக்கும் தனியாக ஒரு தொகை கையில் இருக்கணும். அது இல்லையென்றால், ஏற்றவேண்டிய நாளில் மட்டும் வாடகை லாரி பிடிப்பதே லாபம். கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.