பழக்கத்திற்கு ஒரு கொழுகொம்பு



பிழைப்பு நாடி வேற்று மாநிலத்தில் குடியேறிய நாம், பெட்டி படுக்கையோடு நம் பழக்கங்களையும் சுமந்து வந்தோம். அவற்றுள் நல்லவை சில இங்கு வந்தபின் நழுவிப்போயின. வேண்டாதவை சில வந்து ஒட்டிக்கொண்டன. இரண்டும் நம்மை அறியாமலே நிகழ்ந்தன.

பெங்களூரில் வாழும் நம் குடும்பங்களையே எடுத்துக்கொள்வோம். ஊரில் இருந்த நாளில் காலைதோறும் செய்தித்தாள் படித்தோம். திண்ணையும் தேநீர்க் கடையும் அதற்கு இடந்தந்தன. இங்கே திண்ணை இல்லை, படிப்பும் இல்லை. மாலையில் நெரிசலைக் கடந்து சோர்ந்து வீடு சேர்கிறோம். நாற்காலியில் அமர்ந்ததும் கை தானாகவே கைப்பேசியை நாடுகிறது. ஒரு மணி நேரம் கழிந்தது தெரிவதில்லை. அருகே குழந்தையும் ஒரு திரையைப் பார்த்திருக்கிறது. அக்குழந்தை தமிழ் பேசும், படிக்க அறியாது.

இதனை மன உறுதியின் குறை என்று மட்டும் எண்ணி நொந்துகொள்வதில் பயனில்லை. பழக்கம் அவரைக்கொடி போன்றது. பற்றிக்கொள்ளக் கொழுகொம்பு இருந்தால் படரும், இல்லையேல் துவளும். காலமும் இடமுமே பழக்கத்தின் கொழுகொம்பு. திண்ணை போயிற்று, நல்ல கொடி துவண்டது. மாலைச் சோர்வும் நாற்காலியும் வாய்த்தன; வேறொரு கொடி படர்ந்தது. ஆதலின் தீய பழக்கத்தை விலக்க விரும்புவோர் சூளுரைத்தால் மட்டும் போதாது. அதன் கொழுகொம்பை அகற்றுதல் வேண்டும்.

சில பழக்கங்கள் நம் கைக்கு அடங்காமல் முற்றிவிடுவதும் உண்டு. இந்நகரின் ஓசூர் சாலையில் உள்ள நிமான்ஸ் நிறுவனம், கைப்பேசியிலும் இணைய விளையாட்டிலும் கட்டுண்டோருக்கென 2014-ஆம் ஆண்டிலேயே தனி மருத்துவப் பிரிவு தொடங்கியது. மதுவாயினும் புகையிலையாயினும் திரையாயினும், முற்றிய பழக்கத்திற்கு மருத்துவரின் துணை நாடுவது இழிவன்று, அறிவுடைமை.

நல்ல பழக்கம் வேரூன்ற எத்தனை நாள் ஆகும்? இருபத்தொரு நாள் என்பர் பலர். அமெரிக்க அறுவை மருத்துவர் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960-இல் வெளியிட்ட நூலிலிருந்து பரவிய கருத்து அது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்ந்தோரும் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு, 2010-இல் அச்சில் வந்தது. ஒவ்வொருவரும் ஒரு செயலைத் தேர்ந்து, காலை உணவுக்குப் பின் என்பது போன்ற ஓர் அன்றாட நிகழ்ச்சியோடு அதைப் பிணைத்துக்கொண்டனர். பழக்கம் படிய 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம் என்றும், நடு அளவு 66 நாள் என்றும் அவர்கள் கணித்தனர். இடையில் ஒரு நாள் தவறியதால் முயற்சி கெட்டுவிடவில்லை என்பதையும் கண்டனர். நேற்றுத் தவறியது என்று இன்றும் கைவிடுவோர் இதனை நினைவிற் கொள்க.

அல்சூர் ஏரிக்கரையில் நிற்கும் திருவள்ளுவர் சிலையை நம்மிற் பலர் அறிவோம். பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்த அச்சிலை 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. அன்று நாம் மகிழ்ந்தோம். ஆனால் நம் வீட்டு அலமாரியில் மூடிக் கிடக்கும் திருக்குறளைத் திறந்தோமா?

இன்றிரவே தொடங்கலாம். இரவு உணவு நாள்தோறும் தவறாமல் வருவது. அதுவே நமக்கு ஆயத்தமாக நிற்கும் கொழுகொம்பு. உண்ணும் முன் எல்லாக் கைப்பேசிகளையும் வேறோர் அறையில் வைத்துவிடுவோம். உண்டபின் குழந்தை எழுத்துக்கூட்டி ஒரு குறள் படிக்கட்டும். பெரியவர் பொருள் சொல்லட்டும். ஐந்து நிமிடம் போதும். நாளுக்கு ஒன்றாக 1330 குறளும் முடிய ஏறத்தாழ மூன்று ஆண்டு எட்டுத் திங்கள் ஆகும். அதற்குள் அக்குழந்தை எந்தத் தமிழ் நூலையும் தானே எடுத்துப் படிக்கும். அவ்வாறே காலையில் பேருந்துக்குக் காத்திருக்கையில் பெயர்ப் பலகை பார்த்து நாளுக்கொரு கன்னடச் சொல் கற்போமாயின், நமக்கு வாழ்வளித்த மண்ணின் மொழியும் நமதாகும்.

திண்ணை போனதற்கு வருந்தியது போதும். உணவு மேசையைத் திண்ணையாக்குவோம்.