கொல்லிமலை: யாரும் வண்டியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டாம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அடுத்த சுற்றுலா கொல்லிமலைக்கு என்று செயற்குழு முடிவு செய்துவிட்டது. ஒரு நாளா, இரண்டு நாளா, எதையெல்லாம் பார்ப்பது என்பதை இன்று நீங்கள் சொல்ல வேண்டும். அதற்கு முன் பத்து நிமிடம் என்னைப் பேசச் சொன்னார்கள்.

நம்மில் பலர் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா, கனடா போய் வந்தவர்கள். நயாகராவில் எங்கே நின்றால் சாரல் அடிக்கும், எந்தப் படகில் ஏற வேண்டும் என்று கேட்டால் உடனே சொல்வீர்கள். நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலையில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "எழுபது கொண்டை ஊசி வளைவு, ஒரு அருவி" என்பதோடு நின்றுவிடுகிறோம்.

முதலில் பாதை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில்தான் அந்த 70 வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கும். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் காலையில் கொஞ்சமாகச் சாப்பிட்டு, முன் இருக்கையில் உட்காருங்கள். பெரிய பேருந்தைவிட இரண்டு வேன்கள் நல்லது. ராசிபுரத்திலிருந்து முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு பாதையும் உண்டு. அதில் வளைவுகள் குறைவு. ஏறும்போது ஒன்று, இறங்கும்போது மற்றொன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து ஆகாய கங்கை. ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் இடம். உயரத்தில் நயாகராவை மிஞ்சியது. ஆனால் நயாகராவில் அருவியின் பின்புறம் வரை லிஃப்டில் இறங்கலாம். இங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்குவது சுலபம், அத்தனையையும் திரும்ப ஏற வேண்டும் என்பதுதான் கணக்கு. முழங்கால் வலி, இதய நோய், மூச்சுத் திணறல் உள்ளவர்கள் தயவுசெய்து இறங்க வேண்டாம். மழைக்காலத்தில் தண்ணீர் திடீரென்று கூடும். வனத்துறை தடுத்தால் திரும்பிவிட வேண்டும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்ற வாதத்தை ஆறு கேட்காது.

இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். நம் சுற்றுலாக்களில் ஒவ்வொரு முறையும் ஏழெட்டுப் பேர் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். "நீங்க போயிட்டு வாங்க, நான் பைகளைப் பார்த்துக்கறேன்" என்பார்கள். எல்லோரும் ஒரே கட்டணம்தான் கட்டுகிறோம். அவர்கள் கணக்கில் மட்டும் செலவு எழுதி, வரவை எழுதாமல் விடுவது நியாயமில்லை. கொல்லிமலையில் அதற்கு அவசியமும் இல்லை.

படிகள் தொடங்கும் இடத்துக்கு அருகிலேயே அறப்பளீசுவரர் கோயில் இருக்கிறது. தேவாரத்தில் குறிப்பிடப்படும் வைப்புத் தலம். அம்பலவாணக் கவிராயர் அறப்பளீசுர சதகம் பாடியது இந்த இறைவன் மீதுதான். கோயிலை ஒட்டி ஓடும் ஆற்றில் மீன்களுக்குப் பொரி போடுவார்கள். அறுத்த மீனும் இங்கே மீண்டும் பொருந்தி நீந்தியது என்பது தலக் கதை. இளையவர்கள் இறங்கி ஏறும் நேரத்தில் பெரியவர்கள் நிம்மதியாகச் சாமி கும்பிட்டு, ஆற்றங்கரையில் உட்காரலாம். அருவியில் குளிக்க ஆசைப்படும் பெரியவர்களுக்கு மாசிலா அருவியும் நம்மருவியும் இருக்கின்றன. இரண்டுமே சிறியவை, ஆகாய கங்கை அளவுக்குப் படி இறங்க வேண்டியதில்லை. அங்கும் கல் வழுக்கும், கைப்பிடிக்க ஒருவர் கூட இருக்கட்டும். மாலையில் சீக்குப்பாறை காட்சி முனை. வாசலூர்ப்பட்டியில் படகுத்துறை.

கொல்லிப்பாவை என்று இலக்கியத்தில் படித்திருப்பீர்கள். எட்டுக்கை அம்மன் கோயிலை அந்தப் பாவையோடு சேர்த்துச் சொல்கிறார்கள். செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவர். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியது இவரைத்தான். ஆடி 17, 18 தேதிகளில் அரசு ஓரி விழா நடத்துகிறது. விழா பார்க்க வேண்டுமென்றால் அப்போது போகலாம். அமைதி வேண்டுமென்றால் அந்த வாரத்தைத் தவிருங்கள்.

இவையெல்லாம் பார்க்கிற இடங்கள். இனி அங்கே வாழ்கிறவர்களைப் பற்றி.

மலை மேலே உள்ள ஊராட்சிகள் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு என்று "நாடு" என முடியும் பெயர்கள் கொண்டவை. வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரை வைத்துக் கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தலைமுறை தலைமுறையாக இவர்கள் பயிர் செய்தது சாமை, தினை, கேழ்வரகு. சாமையிலேயே கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை என்று பல ரகங்கள்.

பிறகு மரவள்ளி வந்தது. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் குச்சிக்கிழங்கு தேவை. கிழங்கைப் பிடுங்கினால் மொத்தமாகக் கையில் பணம். சாமையோ வீட்டுக்குச் சோறு, சந்தையில் விலை கிடையாது. அதோடு உமி நீக்க உரலில் மணிக்கணக்கில் குத்த வேண்டும். குத்தியது பெண்கள். வணிகவியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கணக்கில் தவறு இல்லை. யாராக இருந்தாலும் கிழங்குக்குத்தான் மாறியிருப்பார்கள். சாமை நிலம் சுருங்கியது, ரகங்கள் மறையத் தொடங்கின.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இங்கே வேலையைத் தொடங்கியது. விதை வங்கிகள் அமைத்தார்கள், உமி நீக்கும் இயந்திரங்களை ஊருக்குள்ளேயே வைத்தார்கள், சுயஉதவிக் குழுக்கள் மூலம் விற்க வழி செய்தார்கள். பழமையைக் காப்பாற்றுங்கள் என்று உபதேசம் மட்டும் செய்யாமல், பெண்களின் கைவலிக்கும் விற்பனைக்கும் வழி சொன்னதால்தான் ஓரளவு பலன் கிடைத்தது. ஐ.நா. சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நம் ஊர்க் கடைகளிலும் சாமை வந்தது. அது விளையும் மலைக்கே போகும் நாம், இங்கிருந்து அண்டா நிறையப் புளியோதரை கட்டிக்கொண்டு போவதா?

எனவே என் யோசனைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, இரண்டு நாள், ஒரு இரவு. ஒரே நாளில் போய் வந்தால் 70 வளைவுகளை இரண்டு முறை எண்ணியதுதான் மிச்சம்.

இரண்டு, புறப்படும் முன்பே இரண்டு குழுக்கள். படி இறங்குபவர்கள் ஒன்று, இறங்காதவர்கள் ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி வேன், தனித்தனிப் பொறுப்பாளர். மருந்து, மருத்துவச் சீட்டு அவரவர் கையில்.

மூன்று, இரண்டு வேளைச் சாப்பாடாவது மலையிலேயே. முன்கூட்டியே சொல்லிவைத்தால் சாமைச் சோறு சமைத்துத் தருபவர்கள் கிடைப்பார்கள்.

நான்கு, சோளக்காடு சந்தையில் வாங்குங்கள். மிளகு, காப்பிக்கொட்டை, வாழை, அன்னாசி, பருவத்தில் பலா. சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடியை வழியெல்லாம் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து மாலில் மிளகு பாக்கெட் வாங்க வேண்டாம். பத்து ரூபாய்க்குப் பேரமும் வேண்டாம்.

ஐந்து, கொண்டு போகும் நெகிழிப் பைகளும் பாட்டில்களும் அதே வண்டியில் திரும்பி வர வேண்டும். நம் மாடிப்படியில் ஒரு காகிதம் கிடந்தால் குழுவில் எத்தனை செய்தி போடுகிறோம்! ஆகாய கங்கைப் படிகளும் யாரோ குடியிருக்கும் இடத்தின் படிகள்தான்.

படி இறங்க முடியாது என்று தயங்கிப் பெயர் கொடுக்காமல் இருப்பவர்கள் முதலில் பெயர் கொடுங்கள். அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகே வண்டி பேசலாம் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.