ராமையன்பட்டி மேட்டுக்கு அடியில்

(மஹல்லா நலக் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)

 

கோடையில் ராமையன்பட்டி குப்பைக் கிடங்கு தீப்பிடிப்பதும், புகை ஊர்மேல் படர்வதும் நமக்குப் பழகிப்போன செய்தி. புகை கண்ணை எரிக்கிறது. அதனால் அதைப் பற்றிப் பேசுகிறோம். நான் பேச வந்தது கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி. மேட்டுக்கு அடியில் இறங்கும் தண்ணீரைப் பற்றி.

மீந்த சோறும் இறைச்சிக் கழிவும் அழுகினால் நீர் விடும். ஐப்பசி, கார்த்திகை மழை சேர்ந்தால் அது பெருகும். கூடவே கிடக்கும் பேட்டரி, பெயிண்ட் டப்பா, பழைய மருந்து எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு கறுப்பாகக் கசியும். தடுப்பு இல்லாவிட்டால் நிலத்தடிக்குத்தான் போகும். கிணறும் போரும் எடுப்பது அங்கிருந்துதானே? கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஈயமும் நைட்ரேட்டும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் அடர்த்திதான் கூடும்.

சட்டத்துக்கு இது தெரியும். 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை நிரப்பும் இடத்தின் அடியில் 90 சென்டிமீட்டர் களிமண்ணும் அதன்மேல் 1.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் விரிப்பும் கேட்டன. ஆற்றுக்கு 100 மீட்டர், குளத்துக்கும் குடியிருப்புக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 200 மீட்டர் விலகியிருக்கச் சொல்லின. எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரைக் கோடையிலும் மழையிலும் மழைக்குப் பின்னும் சோதிக்கச் சொல்லின. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. குப்பை கொட்டத் தொடங்கும் முன்பே அங்குள்ள தண்ணீரைச் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு இல்லையென்றால், நாளை கிணறு கெட்டாலும் "முன்பே அப்படித்தான் இருந்தது" என்று சொல்லிவிடலாம். ஊர் பெருகுகிறது, குப்பையும் பெருகுகிறது. கிடங்கை விரிக்கும் பேச்சு எப்போது வந்தாலும் நாம் முதலில் கேட்க வேண்டிய காகிதம் அதுதான்.

காகிதத்துக்கு உள்ள வலிமையை நம் பக்கத்திலேயே பார்த்தோம். 2024 டிசம்பரில் கொடகநல்லூர், பழவூர் பக்கம் கேரளாவிலிருந்து வந்த மருத்துவக் கழிவைக் கொட்டியிருந்தார்கள். நோயாளிகளின் பெயருள்ள சீட்டுகளே அது எங்கிருந்து வந்தது என்று காட்டிக் கொடுத்தன. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கேரள அரசே அள்ளிப் போக வேண்டும் என்றது. டிசம்பர் 22-ஆம் தேதி லாரிகள் வந்தன.

அன்று நாம் கொதித்தது நியாயம். ஆனால் ராமையன்பட்டிக்கு வெளிமாநில லாரியா போகிறது? வலீமா விருந்தில் மீந்த பிரியாணி, பிளாஸ்டிக் தம்ளர், இலை எல்லாம் ஒரே சாக்கில் கட்டிக் கொடுப்பது யார்? நீர்நிலையை அசுத்தம் செய்வதைச் சாபத்துக்குரியது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். குர்பானி அன்று குடலையும் ரத்தத்தையும் பாளையங்கால்வாயில் தள்ளிவிட்டு அதே கையோடு ஒளு செய்வது எப்படிச் சரியாகும்? மக்கும் குப்பையைத் தனியாகக் கொடுத்தால் உரமாகும்; மேட்டில் கசியும் நீரும் குறையும். நிக்காஹ் வீட்டாருக்கு இதைச் சொல்லச் சங்கடப்பட வேண்டாம்.

இனி செய்யப்போவதைச் சொல்கிறேன். ராமையன்பட்டியைச் சுற்றி எந்தெந்தக் கிணறுகளில் தண்ணீர் சோதிக்கப்படுகிறது, கடைசி முடிவு என்ன, கசிவுநீரை எங்கே சுத்திகரிக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மனு அனுப்புகிறேன். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். கிடங்குக்கு அருகில் போர் வைத்திருக்கும் குடும்பங்கள் டிரஸ்ட் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் தண்ணீரைச் சோதித்துத் தருவார்கள். முடியாதவர்களுக்கு அந்தக் கட்டணத்தை டிரஸ்ட் ஏற்கும். வருகிற பதிலை, நல்லதோ கெட்டதோ, ஒரு வரி விடாமல் நம் இதழில் போடுவோம். வஸ்ஸலாம்.