கம்ப்யூட்டருக்கு யார் சொன்னது?



கூலிக் கணக்கில் பணம் குறைகிறது. ஏன் என்று கேட்டால், "கம்ப்யூட்டரே அப்படித்தான் காட்டுது" என்று பதில் வருகிறது. கேட்டவர் பேசாமல் திரும்பிவிடுகிறார். மனிதன் தப்பு செய்வான், மிஷின் தப்பு செய்யாது என்று பலர் நம்புகிறார்கள்.

சரி, கம்ப்யூட்டருக்கு யார் சொன்னது?

ஒரு மனிதர்தான் சொன்னார். எழுதிச் சொன்னார். முதலில் இதைச் செய், அடுத்து இதைச் செய் என்று வரிசையாக எழுதிய கட்டளைகளுக்குப் புரோகிராம் என்று பெயர். எழுதியதை எழுதியபடியே கம்ப்யூட்டர் செய்யும்.

ஒரு காலத்தில் பெரிய படிப்புப் படித்தவர்களே புரோகிராம் எழுதினார்கள். அமெரிக்காவில் டார்ட்மத் என்று ஒரு கல்லூரி. அங்கே ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்று இரண்டு கணக்கு வாத்தியார்கள். விஞ்ஞானம் படிக்காத பிள்ளைகளும் கம்ப்யூட்டரை இயக்க வேண்டும் என்று இவர்கள் நினைத்தார்கள். அதற்காகவே ஓர் எளிய மொழியை உருவாக்கினார்கள். அதன் பெயர் பேசிக். 1964ஆம் ஆண்டு மே 1ஆம் தேதி, விடியற்காலை 4 மணிக்கு, அந்த மொழியில் எழுதிய புரோகிராம் முதன்முதலாக ஓடியது. கோழி கூவும் நேரம்!

இந்திய அரசு 1984இல் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்றுத்தரும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதற்கு இங்கிலாந்தில் உருவான பி.பி.சி. மைக்ரோ என்ற கம்ப்யூட்டர் வந்தது. அதற்கும் பேசிக் மொழி தெரியும். இன்று பைத்தான் போன்ற வேறு மொழிகள் வந்துவிட்டன. ஆனால் கட்டளை எழுதும் வேலை மாறவில்லை.

பேசிக்கில் ஒரு கூலிக் கணக்கைப் பாருங்கள். ஒரு அம்மாவுக்கு நாள் கூலி 300 ரூபாய். அவர் 6 நாள் வேலை செய்தார்.

10 லெட் ஏ = 300
20 லெட் பி = 6
30 பிரிண்ட் ஏ * பி
40 எண்ட்

இவை ஆங்கிலச் சொற்கள். ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே ஒலி மட்டும் தமிழில் இருக்கிறது. லெட் என்றால் வைத்துக்கொள். ஏ என்பது ஒரு டப்பா மாதிரி. அதில் 300ஐப் போடு என்பது முதல் கட்டளை. பி டப்பாவில் 6. நட்சத்திரம் போல இருப்பது பெருக்கல் குறி. பிரிண்ட் என்றால் விடையைக் காட்டு. எண்ட் என்றால் முடிந்தது.

வரிகளுக்கு 1, 2, 3 என்று எண் போடாமல் ஏன் 10, 20, 30? நாற்று நடும்போது இடைவெளி விடுவதில்லையா, அது போலத்தான். ஒரு வரி விட்டுப்போனால் 15 என்று எண் போட்டு எழுதலாம். கம்ப்யூட்டரே அதை 10க்கும் 20க்கும் நடுவில் சேர்த்துக்கொள்ளும்.

எழுதியதோடு ஒன்றும் நடக்காது. ரன் என்று தட்ட வேண்டும். ஓடு என்று பொருள். உடனே திரையில் 1800 என்று வரும்.

புதிதாக எழுதுபவருக்குக் கை நடுங்கும். பிரிண்ட் என்ற சொல்லில் கடைசி எழுத்து விட்டுப்போகும். அப்போது பி.பி.சி. மைக்ரோ, 30ஆம் வரியில் 'மிஸ்டேக்' என்று காட்டும். தப்பு என்று அர்த்தம். பயப்பட வேண்டாம். மிஷின் கெட்டுப்போகாது. பார்க்கப்போனால் இது நல்ல தப்பு. கண்ணுக்குத் தெரிகிறது.

கெட்ட தப்பு வேறு. பெருக்கல் குறி போட வேண்டிய இடத்தில் ஒருவர் கூட்டல் குறி போட்டுவிட்டார் என்று வையுங்கள். இப்போது மிஸ்டேக் என்று வராது. கம்ப்யூட்டர் 300ஐயும் 6ஐயும் கூட்டி 306 என்று காட்டும். கட்டளையில் எழுத்துப்பிழை இல்லை. ஆனால் அந்த அம்மாவின் கூலியில் 1494 ரூபாய் போய்விட்டது!

இந்தத் தப்பைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்காது. அந்த அம்மா கண்டுபிடிப்பார். சீட்டை வாங்கிப் படித்து, ஆறு முந்நூறு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். அதன் பிறகு புரோகிராம் எழுதியவர் 30ஆம் வரியைத் திரும்ப எழுத வேண்டும். அதே எண் போட்டு எழுதினால் பழைய வரி தானே அழிந்துவிடும். மறுபடியும் ரன் என்று தட்டினால் 1800 வரும்.